நெஃபெஷ்: நாம் “ஆத்துமா” என்று வாசிக்கும் எபிரெயச் சொல்லைப் படிக்க முழுமையான வழிகாட்டி

1 சாமுவேல் முதல் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையில்லாத அன்னாள் சீலோவில் அழுகிற அதிகாரம். 10ஆம் வசனத்தில் அவள் “மனங்கசந்து” விண்ணப்பம் பண்ணுகிறாள். 15ஆம் வசனத்தில் ஆசாரியனாகிய ஏலியிடம் “என் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டேன்” என்கிறாள். பிறகு பிள்ளையைப் பெற்று, பால் மறக்கப்பண்ணி, அவனைக் கூட்டிக்கொண்டு திரும்பி வரும்போது 26ஆம் வசனத்தில் “உம்முடைய ஜீவனைக்கொண்டு சொல்லுகிறேன்” என்கிறாள்.

மனம், இருதயம், ஜீவன் என்று தமிழில் மூன்று சொற்கள். எபிரெயத்தில் மூன்று இடத்திலும் ஒரே சொல்தான்: நெஃபெஷ்.

தலைகீழாகவும் நடக்கிறது. அதே அதிகாரத்தின் 13ஆம் வசனத்தில் “அன்னாள் தன் இருதயத்திலே பேசினாள்” என்று வருகிற இருதயம் நெஃபெஷ் இல்லை, அது லேவ் என்கிற வேறு சொல். 15ஆம் வசனத்தில் “மனக்கிலேசமுள்ள ஸ்திரீ” என்கிற மனம் ரூவாக் என்கிற இன்னொரு சொல். அதாவது தமிழை மட்டும் வைத்துக்கொண்டு “மனம்”, “இருதயம்” என்று கோடு போட்டுப் படித்தால் வெவ்வேறு சொற்களை ஒன்றாகவும் ஒரே சொல்லை மூன்றாகவும் எண்ணிவிடுவோம். நானும் பல வருஷம் அப்படித்தான் வாசித்தேன், அப்படித்தான் சனிக்கிழமை வேதபாடத்தில் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

இந்தச் சொல் பழைய ஏற்பாட்டில் சுமார் 750 முறை வருகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் அதற்கு அதிகம் பழகிய சொல் “ஆத்துமா”. ஆத்துமா என்றதும் நம் மனதில் எழுகிற படம், உடம்புக்குள் குடியிருந்து சாகும்போது வெளியே போகிற கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அந்தப் படத்தோடு சங்கீதத்துக்குள் போனால் அங்கே இருக்கிற பசியும் தாகமும் மூச்சுத்திணறலும் நமக்குக் கேட்காமலே போய்விடுகிறது. அவற்றைத் திரும்பக் கேட்க வைப்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. எபிரெயம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ் வேதாகமம், கையில் ஒரு போன், ஒரு நோட்டு, கொஞ்சம் பொறுமை போதும்.

படி 1: சொல்லை அடையாளம் காணப் பழகுங்கள்

நெஃபெஷ் மூன்று எழுத்துச் சொல்: நூன், பே, ஷின். அழுத்தம் முதல் அசையில் விழும். பெண்பால் பெயர்ச்சொல். “என்னுடைய” என்று சேரும்போது நஃப்ஷீ, “அவனுடைய” என்றால் நஃப்ஷோ, “நம்முடைய” என்றால் நஃப்ஷேனு. எபிரெய சங்கீதத்தை யாராவது வாசிக்கிற ஒலிப்பதிவைக் கேட்டால் இந்த நஃப்ஷீ என்ற ஒலி திரும்பத் திரும்ப வருவதை நீங்களே பிடித்துவிடலாம், முதலில் 103ஆம் சங்கீதத்தில் முயற்சி செய்யுங்கள்.

எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கு எண் இருக்கிறது. ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890இல் வெளியிட்ட ஒத்துவாக்கிய நூலில் (ஒரு சொல் வேதாகமத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் நூல்) எபிரெயச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார், நெஃபெஷுக்கு 5315. பைபிள் ஹப், ஸ்டெப் பைபிள் போன்ற தளங்கள் இலவசம். அவற்றில் ஒரு வசனத்தைத் திறந்து சொல்லைத் தொட்டால் இந்த எண் தெரியும். கூடவே 7307 (ரூவாக்), 5397 (நெஷாமா), 3820 (லேவ்) ஆகிய மூன்று எண்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இந்த நாலும் தெரிந்தால் போதும், தமிழில் மனம், உள்ளம், ஆவி, இருதயம், பிராணன், ஜீவன், ஆத்துமா என்று எது வந்தாலும் அடியில் இருப்பது எது என்று பெரும்பாலும் பார்த்துவிடலாம்.

எண்ணைப் பார்த்தவுடன் அதற்குக் கீழே இருக்கிற அர்த்தப் பட்டியலை வாசித்துவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள், அதுதான் நிறையப் பேர் செய்கிற காரியம். பட்டியல் ஒரு தொடக்கம்தான். சொல்லின் பொருள் அது வாழ்கிற வசனத்தில் இருக்கிறது.

படி 2: தொண்டையில் தொடங்குங்கள்

நெஃபெஷ் என்ற சொல் குறிக்கிற, கையால் தொட்டுக் காட்டக்கூடிய பொருள் தொண்டை, கழுத்து. மூச்சும் சோறும் தண்ணீரும் போகிற வழி. எபிரெயத்தின் உறவு மொழிகளிலும் இதே கதைதான். அக்காடிய மொழியில் நபிஷ்து என்றால் தொண்டை, உயிர் இரண்டும். உகரித்து மொழியிலும் அதே மூன்று மெய்யெழுத்துகள் தொண்டையைக் குறிக்கும். அரபியில் நஃபஸ் என்றால் மூச்சு, நஃப்ஸ் என்றால் தன் சுயம். நம் ஊர் இஸ்லாமியர்கள் நஃப்ஸ் என்று சொல்வது இந்தக் குடும்பத்துச் சொல்லைத்தான்.

சங்கீதம் 69:1. நம் பழைய மொழிபெயர்ப்பு: “வெள்ளங்கள் என் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது.” ஆத்துமா வரைக்கும் வெள்ளம் எப்படி வரும்? சிறு வயதில் இந்த வரி எனக்குப் புரியவே இல்லை, ஏதோ ஆவிக்குரிய ஆழமான விஷயம் என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போனேன். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அதையே “வெள்ளம் கழுத்தளவு வந்துவிட்டது” என்று சொல்கிறது. அவ்வளவுதான், வெள்ளத்தில் நின்ற யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அடுத்த வசனத்தில் கால் வைக்க நிலையில்லாத சேறு, மூன்றாம் வசனத்தில் கூப்பிட்டுக் கூப்பிட்டு வறண்டுபோன தொண்டை (அங்கே தொண்டைக்கு வேறு சொல்). கழுத்து என்று வாசித்தால் மூன்று வசனமும் ஒரே காட்சியாகிறது.

யோசேப்பைப் பற்றிச் சங்கீதம் 105:18 “அவன் பிராணன் இரும்பில் அடைபட்டிருந்தது” என்கிறது. அதே வசனத்தில் முதலில் கால்களில் விலங்கு. கால் ஒரு பக்கம் என்றால் மறுபக்கம் என்ன வரும்? கழுத்து. கழுத்தில் இரும்பு வளையம் மாட்டிய அடிமை. ஏசாயா 5:14இல் பாதாளம் “தன்னை விரிவாக்கி” வாயைத் திறந்தது என்று வருகிறதே, அந்தத் “தன்னை” என்பதும் நெஃபெஷ். விழுங்குவதற்காகப் பாதாளம் தொண்டையை அகலப்படுத்துகிறது.

எனக்குப் பிடித்தது நீதிமொழிகள் 25:25. தூரதேசத்திலிருந்து வரும் நற்செய்தி “விடாய்த்த ஆத்துமாவுக்குக் கிடைக்கும் குளிர்ந்த தண்ணீருக்குச் சமானம்”. குளிர்ந்த தண்ணீர் இறங்குவது எதில்? வெயிலில் நடந்து வந்து ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தவருக்குத் தெரியும்.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழருக்குப் பெரிய கஷ்டமில்லை என்பது என் எண்ணம். “உயிர் தொண்டைக்குழியில் நிற்கிறது” என்று நாம் சொல்கிறோம். உயிரும் தொண்டையும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன என்பது நம் பேச்சுக்கு ஏற்கெனவே தெரியும். எங்கள் வேதபாடத்தில் ஒரு பாட்டியம்மா, நான் இதை அரை மணி நேரம் விளக்கியபிறகு, “மூச்சு அடைச்சா உயிர் போகும், தண்ணி இறங்கலைன்னாலும் உயிர் போகும், அப்ப உயிர் தொண்டையிலதான இருக்கு?” என்று கேட்டார். அன்றைக்கு அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

படி 3: தொண்டையிலிருந்து பசிக்குப் போங்கள்

வறளுகிற, விழுங்குகிற, இன்னும் வேண்டும் என்று திறந்து நிற்கிற உறுப்பு, ஆசைக்கே பெயராகிவிட்டது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் வெள்ளைப்பூண்டையும் நினைத்து நினைத்து அழுதுவிட்டு (எண்ணாகமம் 11:5), “இப்பொழுது நம்முடைய உள்ளம் வாடிப்போகிறது” என்கிறார்கள். எபிரெயத்தில் “எங்கள் நெஃபெஷ் காய்ந்துவிட்டது”. நாக்கு செத்துப்போய்விட்டது என்று நாம் சொல்வோமே, ஏறக்குறைய அதுதான்.

நீதிமொழிகள் 23:2 இன்னும் வெளிப்படை. “நீ போஜனப்பிரியனாயிருந்தால், உன் தொண்டையிலே கத்தியை வை.” போஜனப்பிரியன் என்பதற்கு எபிரெயத்தில் பஅல் நெஃபெஷ், அதாவது நெஃபெஷ் உடையவன், பெருந்தீனிக்காரன். பிரசங்கி 6:7இல் மனுஷன் படும் பிரயாசமெல்லாம் வாய்க்காகத்தான், ஆனால் அவன் “மனதுக்கோ திருப்தியில்லை” என்று வருகிறது. அந்த மனம் நெஃபெஷ். வாய்க்கு ஜோடியாக நிற்பதால் அது நிரம்பாத தொண்டையாகவும் கேட்கிறது, தீராத ஆசையாகவும் கேட்கிறது, இரண்டையும் சேர்த்தே சொல்கிறார் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

இங்கே கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டிய ஒரு தொடர் இருக்கிறது. லேவியராகமம் 16:29இல் பாவநிவிர்த்தி நாளைப் பற்றி “ஆத்துமாக்களைத் தாழ்மைப்படுத்த” வேண்டும் என்று கட்டளை வருகிறது. ஆத்துமாவைத் தாழ்மைப்படுத்துவது என்றால் நாம் மனத்தாழ்மை என்று நினைப்போம். யூதர்கள் அன்று முதல் இன்று வரை யோம் கிப்பூரில் செய்வது உபவாசம். நெஃபெஷை ஒடுக்குவது என்றால் தொண்டைக்குச் சோறும் தண்ணீரும் கொடுக்காமல் இருப்பது.

இதைத் தெரிந்துகொண்டு ஏசாயா 58ஐ வாசியுங்கள். 3ஆம் வசனத்தில் ஜனங்கள் குறைப்படுகிறார்கள்: நாங்கள் எங்கள் ஆத்துமாக்களை ஒடுக்குகிறோம், நீர் ஏன் கவனிக்கவில்லை? அதற்குக் கர்த்தர் சொல்கிற பதில் 10ஆம் வசனத்தில் போய் முடிகிறது: “பசியுள்ளவனிடத்தில் உன் ஆத்துமாவைச் சாய்த்து, சிறுமைப்பட்ட ஆத்துமாவைத் திருப்தியாக்கினால்…” தமிழில் “ஒடுக்கும்போது” என்பதும் “சிறுமைப்பட்ட” என்பதும் வேறு வேறு சொற்கள். எபிரெயத்தில் இரண்டுக்கும் ஒரே வேர், இரண்டும் நெஃபெஷோடு சேர்ந்து வருகின்றன. நீ வேண்டுமென்றே பட்டினி போட்டது உன் நெஃபெஷ். வேறு வழியில்லாமல் பட்டினி கிடக்கிறது பக்கத்துத் தெருவில் இருக்கிறவனுடைய நெஃபெஷ். நீ விட்ட சோறு அங்கே போகட்டும். மொழிபெயர்ப்பில் இந்த முடிச்சு அவிழ்ந்துபோய்விடுகிறது. இந்த ஒரு அதிகாரத்துக்காகவே நெஃபெஷைப் படிக்கலாம் என்று நினைக்கிறேன்.

படி 4: உயிர் என்ற இடம்

இது எளிது, வேகமாகப் போகலாம். “ஜீவனுக்கு ஜீவன்” (யாத்திராகமம் 21:23) என்பது நெஃபெஷுக்கு நெஃபெஷ். லேவியராகமம் 17:11 “மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது” என்று தொடங்கி “ஆத்துமாவிற்காகப் பாவநிவிர்த்தி செய்கிறது இரத்தமே” என்று முடிகிறது; உயிர், ஆத்துமா என்று ஒரே வசனத்தில் இரண்டாகத் தமிழில் பிரிந்தாலும் எபிரெயத்தில் ஒரே சொல்லே திரும்ப வருகிறது. உயிருக்கு உயிர் என்பதுதான் அந்த வசனத்தின் தர்க்கம், சொல்லை இரண்டாக்கினால் தர்க்கம் மங்கிப்போகிறது.

உபாகமம் 24:6ஐ மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கடனுக்குத் திரிகைக் கல்லை அடகு வாங்காதே, “அது ஜீவனை அடகு வாங்குவதுபோலாகும்”. திரிகை இல்லாத வீட்டில் அன்றைக்கு மாவு இல்லை, மாவு இல்லாத வீட்டில் தொண்டைக்கு எதுவும் இல்லை. பிற்கால யூதச் சட்டத்தில் பிக்குவாக் நெஃபெஷ் என்று ஒரு கொள்கை இதே சொல்லில் நிற்கிறது: உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாள் கட்டளையும் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

படி 5: ஆளைக் குறிக்கும் இடங்கள்

“எத்தனை உயிர் போனது?” என்று நாம் ஆட்களை எண்ணுவதுபோல எபிரெயர்களும் நெஃபெஷ் என்று எண்ணினார்கள். எகிப்துக்குப் போன யாக்கோபின் வம்சம் “எழுபது பேர்” (யாத்திராகமம் 1:5) என்பது எழுபது நெஃபெஷ்.

ஆச்சரியமானது, இறந்தவருக்கும் இதே சொல் வருகிறது. நசரேய விரதக்காரர் “பிரேதத்தண்டையில்” போகக்கூடாது என்கிற எண்ணாகமம் 6:6இல் எபிரெயம் செத்த நெஃபெஷ் என்கிறது. உடம்பை விட்டுப் போகிற ஒன்றுக்குத்தான் இந்தப் பெயர் என்றால், விட்டுப்போன பிறகு கிடக்கிற உடம்புக்கு அதே பெயர் எப்படி வரும்? ஆக இங்கே நெஃபெஷ் என்றால் ஆள்.

இதை வைத்து எசேக்கியேல் 18:4ஐ வாசித்தால் ஒரு பெரிய குழப்பம் தீரும். “பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும்.” இந்த வரியைத் தனியாக எடுத்து, ஆத்துமா அழியுமா அழியாதா என்று விவாதிக்கிறவர்கள் நிறையப் பேர். அதிகாரத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்கிற பழமொழியைத்தான் எசேக்கியேல் மறுக்கிறார். அப்பன் செய்ததற்குப் பிள்ளை சாவதில்லை, எவன் பாவம் செய்கிறானோ அவனே சாவான். ஆத்துமாவின் தன்மை பற்றிய பாடம் அங்கே நடக்கவில்லை.

ஆதியாகமம் 2:7க்கும் இந்தப் படியிலேயே வந்துவிடலாம். கர்த்தர் மண்ணினாலே மனுஷனை உருவாக்கி, ஜீவசுவாசத்தை நாசியில் ஊதினார், “மனுஷன் ஜீவாத்துமாவானான்”. அவனுக்குள் ஓர் ஆத்துமா வைக்கப்பட்டது என்று அங்கே எழுதியிருக்கவில்லை. மண்ணும் மூச்சும் சேர்ந்தபோது அவனே நெஃபெஷ் ஹய்யா, உயிருள்ள ஆள், ஆனான். அதே நெஃபெஷ் ஹய்யா என்ற சொற்றொடர் ஆதியாகமம் 1:20, 24இல் மீனுக்கும் மிருகத்துக்கும் வருகிறது; அங்கே தமிழில் “ஜீவஜந்துக்கள்”. மனுஷன் என்றால் ஜீவாத்துமா, மிருகம் என்றால் ஜீவஜந்து என்று மொழிபெயர்த்ததில் ஒரு வேலி போடப்பட்டுவிட்டது, மூலத்தில் அந்த இடத்தில் வேலி இல்லை. மனுஷனுடைய தனிச்சிறப்பை 1:27இல் வரும் தேவசாயலில் தேட வேண்டும். உயிர் என்ற தமிழ்ச் சொல் எறும்புக்கும் பொருந்தும், யானைக்கும் பொருந்தும், எனக்கும் பொருந்தும், நெஃபெஷும் இதில் அப்படியே.

படி 6: “என் நெஃபெஷ்” என்றால் நான்

“என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி” (சங்கீதம் 103:1). பாடுகிறவன் தனக்குள் இருக்கிற ஒரு பகுதியை மட்டும் கூப்பிடவில்லை, தன்னையே உலுக்கி எழுப்புகிறான், அடுத்த வரியில் “என் முழு உள்ளமே” என்று சேர்த்துக்கொள்கிறான். பல இடங்களில் நஃப்ஷீ என்பதை “நான்” என்று மாற்றி வாசித்தாலே பொருள் சரியாக வரும். ஆனால் அது வெறும் நான் அல்ல. தேவையோடு இருக்கிற நான், வாங்கினால்தான் பிழைக்கிற நான். 42ஆம் சங்கீதத்தில் மான் நீரோடைக்குக் கதறுவதுபோல என் ஆத்துமா கதறுகிறது, தாகமாயிருக்கிறது என்கிறபோது, தாகத்தால் தொண்டை காய்ந்த மிருகமும் பாடுகிற மனுஷனும் ஒரே சொல்லுக்குள் நிற்கிறார்கள்.

அன்னாளிடம் திரும்புங்கள். அவள் சாப்பிடாமல் இருந்தாள் (1:7). அவளுடைய உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை (1:13). நெஃபெஷ் கசந்தவள், சோறும் இறங்காமல் சத்தமும் வராமல் தொண்டை அடைத்தவள், அந்த நெஃபெஷைத்தான் தண்ணீர் ஊற்றுவதுபோல ஊற்றிவிட்டேன் என்கிறாள். 18ஆம் வசனத்தில் அவள் புறப்பட்டுப்போய்ச் சாப்பிட்டாள் என்று எழுதியிருப்பதையும் பாருங்கள். பிள்ளை இன்னும் வரவில்லை, தொண்டை திறந்துவிட்டது.

தேவனுக்கும் இந்தச் சொல் வருகிறது, அரிதாகத்தான். ஏசாயா 42:1இல் தம் தாசனைப் பற்றி “என் ஆத்துமாவுக்குப் பிரியமானவர்” என்கிறார். அதிலும் “நானே, முழுவதுமாக” என்கிற அழுத்தம் இருக்கிறது.

படி 7: பக்கத்துச் சொற்களோடு வைத்துப் பாருங்கள்

ரூவாக் என்றால் காற்று, ஆவி, உந்தித் தள்ளுகிற வேகம். நெஷாமா என்றால் சுவாசம். ஆதியாகமம் 2:7இல் ஊதப்பட்டது அதுதான். லேவ் இருதயம், ஆனால் எபிரெயர் இருதயத்தால் யோசித்தார்கள், தீர்மானித்தார்கள். நாம் மூளை, புத்தி என்று சொல்கிற வேலையும் அங்கேதான். நெஃபெஷ் வேண்டுகிறது, பசிக்கிறது, களைக்கிறது. உபாகமம் 6:5இல் முழு இருதயம், முழு ஆத்துமா, முழுப் பலம் என்று வருவதை மனுஷனை மூன்று துண்டாக வெட்டுகிற படமாக வரையாதீர்கள். தீர்மானிக்கிற நீ, பசிக்கிற நீ, உன்னிடம் இருக்கிற அத்தனையும் என்று அடுக்கடுக்காகக் கூடிக்கொண்டே போகிறது.

நெஃபெஷிலிருந்து ஒரு வினைச்சொல்லும் உண்டு, மூச்சுவாங்கி இளைப்பாறுவது. மூன்றே மூன்று இடம். யாத்திராகமம் 23:12இல் ஓய்வுநாளில் அடிமைப்பெண்ணின் பிள்ளையும் அந்நியனும் இளைப்பாற வேண்டும். 2 சாமுவேல் 16:14இல் அப்சலோமுக்குத் தப்பி ஓடிய தாவீது களைத்துப்போய் இளைப்பாறுகிறான். மூன்றாவது யாத்திராகமம் 31:17: கர்த்தர் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்து “பூரித்தார்”. படைத்தவருக்கும் வேலைக்காரியின் பிள்ளைக்கும் ஒரே வினைச்சொல். இதை முதல்முறை கவனித்த அன்று நான் அப்புறம் எதையும் வாசிக்கவில்லை, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

படி 8: இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளையாவது பக்கத்தில் வையுங்கள்

பெரும்பாலான சபைகளில் இருக்கிற பழைய மொழிபெயர்ப்பு ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையானது. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 1995. இரண்டையும் ஒப்பிட்டால் நெஃபெஷ் தன்னால் வெளியே வரும். ஆதியாகமம் 2:7 பழையதில் “ஜீவாத்துமாவானான்”, புதியதில் “உயிர் உள்ளவன் ஆனான்”. சங்கீதம் 103:1 பழையதில் “என் ஆத்துமாவே”, புதியதில் “என் உயிரே”. 23:3 பழையதில் “என் ஆத்துமாவைத் தேற்றி”, புதியதில் “புத்துயிர் அளிப்பார்”.

ஆத்துமா என்ற சொல்லை எடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அது வடமொழியிலிருந்து வந்து, இந்தியச் சமய மரபில் உடலுக்கு வேறான, அழியாத ஒன்று என்ற பொருளில் ஊறிய சொல். அவர்கள் காலத்துத் தமிழில் இப்படிப்பட்ட விஷயங்களைப் பேச மக்களுக்குப் பழகியிருந்த சொல்லும் அதுதான். எங்கள் வீட்டில் மரணப் படுக்கையில் சொல்லிக்கொடுத்த வசனங்களிலெல்லாம் ஆத்துமா இருக்கிறது, அதை யாரிடமிருந்தும் பிடுங்க எனக்கு விருப்பமில்லை. வாசிக்கும்போது அந்தச் சொல்லுக்குக் கீழே தொண்டையும் உயிரும் இருக்கின்றன என்று தெரிந்து வாசியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

புதிய ஏற்பாட்டுக்குப் போகிறவர்களுக்கு: நெஃபெஷுக்குக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் ப்சுகே என்ற சொல்லை வைத்தார்கள், சுவிசேஷங்களில் அதுவே தொடர்கிறது. லூக்கா 12:19இல் ஐசுவரியவான் “ஆத்துமாவே… புசித்துக் குடித்து, பூரிப்பாயிரு” என்கிறான். சாப்பிடுகிற ஆத்துமா! நெஃபெஷ் தெரிந்தவருக்கு அது விநோதமாகப் படாது. 22ஆம் வசனத்தில் இயேசு, என்னத்தை உண்போம் என்று “ஜீவனுக்காக” கவலைப்படாதிருங்கள் என்கிறபோது அதே ப்சுகேயைத்தான் சொல்கிறார்.

படி 9: இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

தொண்டை என்று கற்றுக்கொண்ட உற்சாகத்தில் எல்லா இடத்திலும் தொண்டை என்று வாசிப்பது முதல் தவறு. யோனத்தானுடைய ஆத்துமா தாவீதின் ஆத்துமாவோடே இசைந்திருந்தது (1 சாமுவேல் 18:1) என்பதில் தொண்டைக்கு வேலையில்லை. உயிருக்கு உயிரான நட்பு, அவ்வளவுதான். பக்கத்தில் தண்ணீர், சோறு, வாய், கழுத்து, வறட்சி ஏதாவது இருந்தால் தொண்டையைச் சோதித்துப் பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ஒரே வசனத்தில் எல்லாப் பொருளையும் திணிப்பது இரண்டாவது. பிரசங்கத்தில் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எந்த மொழியிலும் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

மூன்றாவது, எதிர்ப்பக்கத்துக்குச் சாய்வது. “எபிரெயர்கள் உடலையும் உயிரையும் பிரித்து யோசித்ததே இல்லை” என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. ராகேல் இறக்கும்போது அவள் ஆத்துமா பிரிந்தது என்று ஆதியாகமம் 35:18 சொல்கிறது. சாறிபாத் பிள்ளையின் ஆத்துமா அவனுக்குள் திரும்பி வந்தது என்று 1 இராஜாக்கள் 17:22 சொல்கிறது. இவற்றை உயிர் போனது, உயிர் வந்தது என்று வாசிக்கலாம், ஆனாலும் போவதும் வருவதுமான பேச்சு அங்கே இருக்கிறது. துருக்கியின் தென்கிழக்கில் ஜிஞ்ஜிர்லி என்ற இடத்தில் 2008இல் ஒரு நடுகல் கிடைத்தது. கி.மு. 8ஆம் நூற்றாண்டு, கட்டுமுவா என்ற அதிகாரி தனக்காக வைத்தது. இந்தக் கல்லில் இருக்கிற என் நெபெஷுக்கு ஒரு ஆட்டுக்கடா படையுங்கள் என்று அதில் எழுதியிருக்கிறது, நெஃபெஷின் உறவுச் சொல்தான். இஸ்ரவேலுக்கு அக்கம்பக்கத்தில் அப்படியும் யோசித்தார்கள். மரணத்துக்குப் பிறகு என்ன என்பதில் சபைகளுக்குள் இருக்கிற கருத்து வேறுபாட்டை இந்த ஒரு சொல்லை வைத்துத் தீர்க்க முடியாது, முழு வேதத்தையும் வைத்துத்தான் பேச வேண்டும்.

இன்னொன்று, நம் சபைப் பேச்சு பற்றி. “ஆத்தும ஆதாயம்”, “ஆத்தும பாரம்” என்று சொல்கிறோம். ஆளையே குறிக்கிற சொல், அதுவும் பசிக்கிற ஆளை. நெஃபெஷ் என்ற பொருளில் ஆத்தும பாரம் உள்ளவர் அந்த ஆள் இன்றைக்குச் சாப்பிட்டாரா என்றும் கேட்பார். கைப்பிரதி கொடுக்கப் போகும்போது இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் குழுவில் நான் கெஞ்சிக் கேட்பதுண்டு.

படி 10: நீங்களே ஒரு அதிகாரத்தைச் செய்து பாருங்கள்

1 இராஜாக்கள் 19. எலியாவும் யேசபேலும். நோட்டில் இரண்டு பத்தி போட்டு, ஒரு பக்கம் தமிழ்ச் சொல், மறுபக்கம் 5315 வருகிறதா என்று குறியுங்கள். 2ஆம் வசனத்தில் யேசபேல் உன் “பிராணனுக்கு” இப்படிச் செய்வேன் என்று ஆள் அனுப்புகிறாள்: நெஃபெஷ். 3இல் எலியா “தன் பிராணனைக் காக்க” ஓடுகிறான்: நெஃபெஷ். 4இல் ஒருநாள் நடையாய் வனாந்தரத்தில் போய்ச் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “தான்” சாகவேண்டும் என்று கோருகிறான். அந்தத் “தான்” என்பதற்கும் அடியில் நெஃபெஷ். உடனே “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்”: மறுபடி நெஃபெஷ்.

காப்பாற்ற ஓடியதும் அதுதான், எடுத்துக்கொள்ளும் என்று கொடுத்ததும் அதுதான், அடுத்தடுத்த வசனங்களுக்குள். தமிழில் பிராணன், தான், ஆத்துமா என்று சிதறியதால் அந்த முரண் நமக்குத் தெரியாமல் போயிருந்தது.

அப்புறம் 5ஆம், 6ஆம் வசனங்களில் 5315ஐத் தேடுங்கள், கிடைக்காது. தூதன் அவனைத் தட்டியெழுப்பி, எழுந்து சாப்பிடு என்கிறான். விழித்துப் பார்த்தால் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கிறது. சாப்பிட்டான், குடித்தான், மறுபடியும் படுத்துத் தூங்கிவிட்டான்.